இரண்டாவது கோல்கீப்பர்

ஹாக்கி ஆட்டம் 60 நிமிடம். 15 நிமிடமாக நான்கு பகுதி. களத்தில் நிற்கும் 11 பேரில் பத்துப் பேர் ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பார்கள். சில நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடுவார்கள், வெளியே வந்து தண்ணீர் குடிப்பார்கள், மூச்சு அடங்கியதும் மறுபடி உள்ளே போவார்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம். அதற்காக ஆட்டத்தை நிறுத்துவதில்லை. ஆகவே பெஞ்சில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அன்றைக்கு ஏதோ ஒரு பங்கு ஆட்டம் உண்டு. ஒரே ஒருவருக்கு மட்டும் அந்த உறுதி கிடையாது. கால்காப்பைக் கட்டிக்கொண்டு, ஹெல்மெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசி மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருக்கும் இரண்டாவது கோல்கீப்பர் அவர்.

முதலாமவருக்குக் காயம் பட்டால் இவருக்கு வேலை. காயம் படக்கூடாது என்று மனதார நினைக்கவும் வேண்டும்; பட்டுவிட்டால் அடுத்த நிமிடமே, உடம்பில் சூடு இல்லாமல், எதிரணி வெறியோடு வரும் நேரத்தில், உள்ளே போய் நிற்கவும் வேண்டும். பெரும்பாலான நாட்களில் இரண்டும் நடக்காது. ஆட்டம் முடியும். எல்லோரோடும் கைகுலுக்கிவிட்டு, பந்தே படாத காப்புகளை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார்.

இப்படி ஒருவர் பத்தாண்டுக்கு மேல் இந்திய அணியோடு இருந்தார் என்றால் அவருடைய விளையாட்டு வாழ்க்கையை எதைக் கொண்டு எழுதுவது? நான் எதிமர்ப்பு ரஜனியைப் பற்றிச் சொல்ல வருகிறேன்.

திருப்பதிக்கு வரும் தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் திருமலை தெரியும், திருச்சானூர் தெரியும், காளஹஸ்தி தெரியும். மேற்கே சந்திரகிரியைத் தாண்டி, பாகராபேட்டை மலைப்பாதையில் ஏறி அந்தப் பக்கம் போகிறவர்கள் குறைவு. போனால் அது தலக்கோனா அருவிக்காக இருக்கும். சேஷாசலக் காட்டுக்குள், செம்மரங்களுக்கு நடுவே, 270 அடி உயரத்திலிருந்து விழும் அருவி. அது இருப்பது எர்ராவாரிபாலம் மண்டலத்தில். கடலைக்காய் போடுகிற, மாமரம் வைத்திருக்கிற, மழையைப் பார்த்து வாழ்கிற ஊர்கள். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம். அதற்குப் பிறகு திருப்பதி மாவட்டம். அந்த மண்டலத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர் ரஜனி.

இந்திய மகளிர் ஹாக்கி அணியின் பட்டியலை எந்த வருடத்தில் எடுத்துப் பார்த்தாலும் அதில் ஒரு நிலப்படம் தெரியும். ஹரியானாவின் ஷாஹாபாத், ஜார்க்கண்டின் சிம்டேகா, ஒடிசாவின் சுந்தர்கட், மணிப்பூர், மிசோரம். அங்கெல்லாம் ஹாக்கி மட்டை வீட்டுச் சாமான். அக்கா ஆடியிருப்பாள், அத்தை ஆடியிருப்பாள், மூங்கிலை வளைத்துக் குழந்தைகள் ஆடுவார்கள். சித்தூர்ப் பக்கம் அப்படி ஒன்றும் இல்லை. இங்கே கபடி உண்டு, கோ-கோ உண்டு, வாலிபால் உண்டு. கிரிக்கெட் எங்கும் போல இங்கும் உண்டு. சர்வதேச ஹாக்கி இன்றைக்குச் செயற்கைத் தரையில்தான் நடக்கிறது. ஆந்திராவில் அந்தத் தரைக்குப் பேர்போன ஊர் காக்கிநாடா. திருப்பதியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். தலக்கோனாக் காட்டோரத்துப் பெண் ஒருத்தி இந்த விளையாட்டில் தேசிய அணி வரைக்கும் போனது, அதுவும் ஓடியாடி எல்லார் கண்ணிலும் படுகிற முன்கள வீராங்கனையாக இல்லாமல் கோல்கீப்பராகப் போனது, எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமே.

போன இடத்தில் அவருக்கு முன்னால் சவிதா இருந்தார்.

சவிதா புனியா ஹரியானாவின் சிர்சா மாவட்டத்துக்காரர். உலக ஹாக்கிக் கூட்டமைப்பு 2021, 2022, 2023 என்று தொடர்ந்து மூன்று ஆண்டும் உலகின் சிறந்த மகளிர் கோல்கீப்பர் விருதை அவருக்குக் கொடுத்தது. டோக்கியோ ஒலிம்பிக் கால்இறுதியில், 2021 ஆகஸ்ட் 2 அன்று, ஆஸ்திரேலியா அலை அலையாக வந்து அடித்தும் ஒரு கோல்கூட விடாமல் நின்றாரே, அவர்தான். ரஜனி போட்டி போட வேண்டியிருந்தது இவரோடு. கவனிக்க வேண்டிய இன்னொன்று: இருவரும் 1990இல் பிறந்தவர்கள். மூத்தவர் ஓய்வு பெறட்டும், அடுத்தது நம் முறை என்று காத்திருப்பது ஒரு வகை. சம வயதுக்காரர் உச்சத்தில் நிற்கும்போது காத்திருப்பது வேறு. அங்கே வரிசையே கிடையாது. இவர் ஓய்வு பெறும் வயதில்தான் அவரும் ஓய்வு பெறுவார். அதற்குள் கீழேயிருந்து புதியவர்கள் வந்துவிடுவார்கள். வந்தார்கள். மணிப்பூரின் பிச்சு தேவி 2022 உலகக் கோப்பைக்கு சவிதாவோடு சென்றார்.

நடுவில் இருந்த வருடங்களில் ரஜனி உட்கார்ந்திருந்த பெஞ்சுகளைச் சொல்கிறேன்.

2017 நவம்பர் 5, ஜப்பானின் ககாமிகஹாரா. ஆசியக் கோப்பை இறுதி. சீனாவோடு 1–1. முடிவு ஷூட்-அவுட்டுக்குப் போகிறது. இந்த ஷூட்-அவுட்டைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை: 23 மீட்டர் கோட்டிலிருந்து எதிரணிக்காரர் பந்தோடு தனியாக ஓடி வருவார். 8 நொடி. கோல்கீப்பர் கோட்டைவிட்டு முன்னேறி, கோணத்தைக் குறுக்கி, கீழே விழுந்து, புரண்டு, எழுந்து, அந்த 8 நொடியைக் கரைக்க வேண்டும். மைதானத்தில் வேறு யாருக்கும் வேலை இல்லை. மற்றவர்களெல்லாம் தோளோடு தோள் கோத்து நின்று பார்ப்பார்கள். இந்தியா 5–4 என்று வென்றது. சவிதா அந்தத் தொடரின் சிறந்த கோல்கீப்பர்.

2018 ஆகஸ்ட் 2, லண்டன். உலகக் கோப்பைக் கால்இறுதி, அயர்லாந்து. 0–0. ஷூட்-அவுட்டில் 1–3 என்று இந்தியா வெளியேறியது. 2022 ஆகஸ்ட் 5, பர்மிங்ஹாம், காமன்வெல்த் அரைஇறுதி, ஆஸ்திரேலியா. மறுபடியும் 1–1. எதிரணியின் முதல் முயற்சியை சவிதா தடுத்துவிட்டார். ஆனால் கடிகாரம் ஓடவில்லை என்று சொல்லித் திரும்ப ஆடச் சொன்னார்கள். இரண்டாம் முறை பந்து உள்ளே போனது. அதோடு இந்திய அணி உடைந்தது, 0–3. இரண்டு நாள் கழித்து நியூசிலாந்தோடு வெண்கலத்துக்கான ஆட்டம். கடைசி விநாடிகளில் கோல் வாங்கி 1–1. ஷூட்-அவுட்டில் 2–1 என்று வெண்கலம் வந்தது.

நான்கு ஷூட்-அவுட்டிலும் ரஜனி அணியில் இருந்தார். பயிற்சியாளர்கள் மூன்று பேர் மாறினார்கள்: 2017இல் ஹரேந்திர சிங், 2018இல் ஷோர்ட் மரைனே, 2022இல் யானெக் ஷாப்மன். மூன்று பேருமே கோல்கீப்பரை மாற்றவில்லை. மாற்ற விதி இடம் கொடுக்கும். 2014 உலகக் கோப்பைக் கால்பந்தில் கோஸ்டா ரிகாவுக்கு எதிராக நெதர்லாந்துப் பயிற்சியாளர் வான் கால், கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில், அதுவரை நின்ற கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு டிம் குரூலை இறக்கினார். குரூல் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார், நெதர்லாந்து ஜெயித்தது. அந்தத் தொடரில் குரூல் ஆடியதே அவ்வளவுதான். இரண்டாவது கோல்கீப்பர்கள் அத்தனை பேருடைய மனத்திலும் அந்த ராத்திரி இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் சவிதாவைப் போல ஒருவர் இருக்கும்போது எந்தப் பயிற்சியாளருக்கும் அந்தத் துணிச்சல் வராது, வரவும் தேவையில்லை. அவரே அணியின் சிறந்த ஷூட்-அவுட் கோல்கீப்பரும்.

இங்கேதான் இந்த வாழ்க்கையை எழுதுவதில் சிக்கல். நம்மிடம் விளையாட்டுக் கதைகள் இரண்டு வகை. ஒன்று வெற்றிக் கதை: குடிசையிலிருந்து கிளம்பி மேடை ஏறுவது. மற்றொன்று அநீதிக் கதை: தேர்வுக் குழுவின் பாரபட்சம், வடக்கு தெற்கு, சாதி, சிபாரிசு, பணம். இரண்டையும் எழுத நமக்குச் சொற்கள் நிறைய உண்டு. அநீதிக் கதைகள் பலவும் உண்மையானவை, எழுதப்பட வேண்டியவை. ரஜனியின் கதை இரண்டிலும் அடங்காது. அவர் அணியில் சேர்க்கப்பட்டார்; தொடர்ந்து வைத்துக்கொள்ளப்பட்டார்; அவரைவிடச் சிறந்தவர் என்று உலகமே ஒப்புக்கொண்ட ஒருவர் அவருக்கு முன் நின்றார். குற்றவாளி யாரும் இல்லை. சரியான முடிவுகளே திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டு, அந்தச் சரியான முடிவுகளின் மொத்த எடையும் ஒரு பெண்ணின் மேல் இறங்கியது. ஆற்றாமைக்குக்கூட இடம் இல்லாத இந்த நிலையை எப்படி ஒருவர் பத்து வருடம் தாங்குகிறார் என்பதை நம் இலக்கியமும் அதிகம் தொட்டதில்லை.

அமெரிக்காவில் இதைத் தொழிலாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே தொழில்முறைக் கூடைப்பந்தில் பிரையன் ஸ்காலப்ரினி என்று ஒருவர் இருந்தார். 2001இல் நியூ ஜெர்சி அணி எடுத்தது, பிறகு பாஸ்டன், கடைசியாக சிகாகோ, 2012இல் ஓய்வு. 11 பருவம் ஆடியவர். ஆட்டத்துக்குச் சராசரியாக 3 புள்ளி சேர்த்தவர். 2008இல் பாஸ்டன் செல்டிக்ஸ் சாம்பியன் ஆனபோது இறுதிச் சுற்றுகள் எதிலும் அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. சாம்பியன் மோதிரம் அவருக்கும் வந்தது. ஆட்டம் முடிவாகிவிட்ட கடைசி நிமிடங்களில் அவரை இறக்கச் சொல்லி அரங்கமே பெயர் சொல்லிக் கூவும். பாதி அன்பு, பாதி கேலி. அவர் ஓய்வு பெற்ற பிறகு, அடுத்த ஆண்டு, பாஸ்டனின் வானொலி ஒன்று ஒரு போட்டி வைத்தது. இவரையெல்லாம் நாங்களே ஜெயிப்போம் என்று சவால் விட்ட உள்ளூர் ஆட்டக்காரர்களில் நல்லவர்களாகப் பார்த்து நான்கு பேரைப் பொறுக்கி, ஒருவருக்கு ஒருவர் ஆடவிட்டார்கள். நான்கு ஆட்டத்தையும் ஸ்காலப்ரினி வென்றார். மொத்தப் புள்ளிக் கணக்கு 44–6.

இந்த 44–6ஐ நான் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கிறேன். பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கும் களத்தில் நிற்பவருக்கும் இடைவெளி ஒரு சாண். பெஞ்சில் இருப்பவருக்கும் டிவிக்கு முன் உட்கார்ந்து அவரைக் கேலி செய்யும் நமக்கும் இடைவெளி ஒரு மலை. நாம் பார்ப்பது அந்த ஒரு சாணை மட்டும். நம் கண் அங்கேயே பழகிவிட்டது.

வித்தியாசம் இல்லாமல் இல்லை. 2005இல் பாஸ்டன் அணி ஸ்காலப்ரினியோடு போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் 1.5 கோடி டாலர். அங்கே காத்திருப்பதற்குச் சந்தையில் விலை இருந்தது. அவருக்குக் கடைசி நிமிடங்களாவது கிடைத்தன. கோல்கீப்பருக்கு அதுவும் நிச்சயமில்லை. குழுச் சுற்றில் பலவீனமான அணியோடு ஆடும் நாளில், பயணத் தொடரில் முதலாமவருக்கு ஓய்வு கொடுக்கும் நாளில் இரண்டாமவருக்கு வலை கிடைக்கும். மக்கள் பார்க்கிற, ஞாபகம் வைத்துக்கொள்கிற ஆட்டங்களில் கிடைக்காது. ஒலிம்பிக் இன்னும் கடுமை. உலகக் கோப்பைக்கு 18 பேர் போகலாம் என்றால் ஒலிம்பிக் பட்டியலில் 16 பேருக்குத்தான் இடம். 36 வருடம் கழித்து இந்திய மகளிர் ஹாக்கி ஒலிம்பிக்குக்குப் போன 2016இல், ரியோ பட்டியலின் 16 பேரில் கோல்கீப்பர் சவிதா ஒருவரே. டோக்கியோவுக்கு ரஜனி மாற்று கோல்கீப்பராக அறிவிக்கப்பட்டார். அங்கே அவர் களத்தில் இறங்கவில்லை.

அப்படியானால் டோக்கியோவில் அவர் பங்கு என்ன?

ஆஸ்திரேலியாவோடான அந்தக் கால்இறுதியில் இந்தியா அடித்தது ஒரே கோல். 22ஆவது நிமிடம், பெனால்டி கார்னர், குர்ஜித் கவுரின் டிராக் ஃபிளிக். 1–0. நாடு முழுக்க அந்த ஒரு அடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். டிராக் ஃபிளிக் என்பது பந்தை மட்டையில் இழுத்து, உடம்பு முழுவதையும் வில்லாக வளைத்து எறிவது. நல்ல ஆள் எறிந்தால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டும். 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம் உள்ள அந்த வாசலில், எந்த மூலைக்கு வருகிறது என்று கோல்கீப்பர் முடிவெடுக்க அரை நொடிகூடக் கிடையாது. இதை எறியக் கற்றுக்கொள்வதற்கு வெறும் வலை போதாது. எதிரில் உண்மையான கோல்கீப்பர் நிற்க வேண்டும். சர்வதேசத் தரத்தில் தடுக்க வேண்டும். இடது மூலையைத் தடுத்தால் வலது மூலை, அதையும் தடுத்தால் காலுக்கு அருகே என்று எறிபவரைத் தேட வைக்க வேண்டும்.

பெங்களூரில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் வளாகத்தில், நீலத் தரையில், தேசிய முகாம் மாதக்கணக்கில் நடக்கும். அங்கே முதல் கோல்கீப்பர், இரண்டாம் கோல்கீப்பர் என்று பந்துக்குத் தெரியாது. சவிதா வாங்கும் அடிகளையெல்லாம் ரஜனியும் வாங்க வேண்டும். தொடையில் கன்றிப் போகும். காப்பு மறைக்காத இடுக்காகப் பார்த்துப் பந்து வரும். வியர்வையில் ஊறிய மார்புக் காப்பு வெயிலில் காய்ந்து உப்புப் பூத்து நிற்கும். குர்ஜித் அன்றைக்கு எறிந்த பந்தைப் பல காலம் எதிரில் நின்று வாங்கிக் கூர் தீட்டிக் கொடுத்தவர்களில் ரஜனியும் ஒருவர். சவிதா விஷயமும் அப்படியே. உலகின் சிறந்த கோல்கீப்பர் தினமும் காலையில் எழுந்து பக்கத்து வலையைப் பார்க்கும்போது, இன்றைக்குக் கொஞ்சம் அசந்தால் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளத் தகுதியுள்ள ஒருவர் அங்கே நிற்கிறார். அப்படி ஒருவர் இல்லாமல் யாரும் பத்து வருடம் உச்சத்தில் இருக்க முடியாது. புள்ளிவிவரப் பட்டியலில் இதற்குக் கட்டம் இல்லை.

சித்தூர் என்றதும் எனக்கு ஹாக்கியைவிட முன்னால் ஞாபகத்துக்கு வருவது சங்கீதம்தான். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை இந்த மண்ணுக்காரர். காஞ்சிபுரம் நயினா பிள்ளையிடம் குருகுலவாசம் இருந்தவர். நயினா பிள்ளை கச்சேரி என்றால் பக்கவாத்தியக்காரர்கள் மேடை நிறைய உட்கார்ந்திருப்பார்கள். லயக் கணக்கில் சிங்கம். அந்தக் காலத்துச் சிஷ்யர்களுக்கு மேடை என்பது குருவுக்குப் பின்னால்தான். பின்பாட்டுக்காரனின் வேலை எளிதில்லை. குரு எங்கே மூச்செடுக்கிறார், எந்த இடத்தில் கணக்கை முடிக்கப் போகிறார், எந்த இடத்தில் தன்னை மறந்து சஞ்சாரத்தில் இறங்கிவிடுவார் என்று ஒவ்வொரு கணமும் தெரிந்திருக்க வேண்டும். தேவைப்படும்போது குரல் கொடுத்து, மற்ற நேரத்தில் ஒதுங்கி, ஆனால் ஒரு மாத்திரையும் தவறாமல் உள்ளுக்குள் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். 1934இல் நயினா பிள்ளை மறைந்தார். அந்தப் பாணி மறையவில்லை. சுப்பிரமணிய பிள்ளையின் தொண்டையில் இருந்தது. அவரிடமிருந்து மதுரை சோமுவுக்குப் போனது. குருவின் பின்னால் உட்கார்ந்த காலத்தை யாரும் வீணான காலம் என்று கணக்கிடவில்லை. சங்கீதத்தில் நமக்குப் புரிந்த இந்த விஷயம் விளையாட்டுக்கு வந்தால் ஏன் மறந்துபோகிறது என்று தெரியவில்லை.

2021 ஆகஸ்டில் டோக்கியோ முடிந்து ரஜனி திரும்பியபோது ஆந்திர அரசு அவரை அழைத்துப் பாராட்டியது. 25 லட்சம் ரூபாய், திருப்பதியில் 1,000 சதுர கஜம் வீட்டுமனை, முந்தைய ஆட்சியில் அறிவிக்கப்பட்டு நிலுவையில் நின்ற பரிசுத் தொகையையும் தரச் சொல்லி உத்தரவு. அணிக்குப் பதக்கம் கிடைத்திருக்கவில்லை; பிரிட்டனோடு 3–4 என்று தோற்று நான்காம் இடம். அதிலும் இவர் களம் இறங்காதவர். எத்தனை நிமிடம் ஆடினாய் என்று கேட்காமல் கொடுத்தது சரியான காரியம் என்பது என் கருத்து. அறிவித்த பரிசை நிலுவையில் போட்டு வைக்கும் பழக்கம் எல்லா மாநிலத்திலும் உண்டு. அதை யாராவது நினைவுபடுத்தினால்தான் நகரும். ஒரு விளையாட்டுக்காரரின் சம்பாதிக்கும் காலம் பத்துப் பன்னிரண்டு வருடம். அதில் மூன்று வருடத்தைக் கோப்பு தின்றுவிட்டால் திருப்பித் தர யாராலும் முடியாது.

பிறகு 2024 ஜனவரி வந்தது.

அந்த மாதம் ராஞ்சியில் பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று. சவிதா தலைமையில் முதல் அணி. ஜனவரி 18 அன்று அரைஇறுதியில் ஜெர்மனியோடு 2–2, ஷூட்-அவுட்டில் தோல்வி. மறுநாள் ஜப்பானோடு 0–1. பாரிஸ் வாசல் மூடிக்கொண்டது. நாட்டின் கவனமெல்லாம் அந்தத் துக்கத்தில் இருந்தது. ஐந்து நாள் கழித்து ஓமானின் மஸ்கட்டில் ஐவர் ஹாக்கிக்கான முதல் மகளிர் உலகக் கோப்பை தொடங்கியது. இந்திய அணியின் கேப்டன் ரஜனி.

ஐவர் ஹாக்கியை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். சின்ன மைதானம், சுற்றிலும் பலகை, பலகையில் பட்ட பந்தும் ஆட்டத்தில் உண்டு. பெரிய ஹாக்கியில் அரைவட்டத்துக்குள் வந்துதான் கோல் அடிக்க முடியும். இங்கே எங்கிருந்து வேண்டுமானாலும் அடிக்கலாம். பத்து நிமிடமாக இரண்டு பகுதி. கோல்கீப்பருக்குக் கண்ணிமைக்க நேரமில்லை. பெஞ்சிலேயே பத்து வருடம் இருந்தவருக்கு இப்படிப்பட்ட ஆட்டத்தில், அதுவும் இளம் பெண்கள் நிறைந்த அணியின் தலைமை வந்து சேர்ந்தது. போலந்து, அமெரிக்கா, நமீபியா என்று குழுவில் எல்லோரையும் வென்றார்கள். கால்இறுதியில் நியூசிலாந்தை 11–1. அரைஇறுதியில் தென்னாப்பிரிக்காவை 6–3. ஜனவரி 27, இறுதி ஆட்டம், நெதர்லாந்து. 2–7 என்று தோற்று வெள்ளி.

ஏழு கோல் வாங்கிய இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எதிரில் நின்றது நெதர்லாந்து. மகளிர் ஹாக்கியில் அவர்களை ஜெயித்தவர்கள் யார் என்று எண்ணினால் விரல் மிஞ்சும். அதையும் தாண்டி எனக்குத் தோன்றுவது இது. உலகக் கோப்பை என்று பெயர் வைத்த ஒன்றில், முதல் அணியின் தோல்விக்கு நாடே முகம் சுளித்திருந்த வாரத்தில், இரண்டாமவர் என்றே எல்லோரும் அறிந்த ஒருவர் 33 வயதில் தலைமை தாங்கி அணியை இறுதி வரை கொண்டுபோனார். பத்து வருடம் உட்கார்ந்திருந்தவர் ஆட்டத்தை மறந்துவிடவில்லை. உட்கார்ந்திருந்த காலம் முழுவதும் அவர் ஆட்டத்துக்குள்தான் இருந்தார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. தமிழ்ப் பத்திரிகைகளில் அந்தச் செய்தி எத்தனை வரி வந்தது என்று தேடிப் பார்த்தேன். கொஞ்சம்தான்.

இந்திய ஹாக்கியில் கோல்கீப்பர்களுக்கென்று தனிப் பயிற்சியாளர்கள் குறைவு. தேசிய முகாமுக்கே நெதர்லாந்திலிருந்து ஆளை அழைத்துவந்து சில நாள் பாடம் நடத்துகிறோம். கீழே, மாவட்ட அளவில், பள்ளி அளவில் நிலைமை இன்னும் மோசம். ஓட முடியாத பிள்ளையைப் பிடித்து வலைக்கு முன்னால் நிறுத்துகிற வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. காப்புகளின் விலையைக் கேட்டால் பள்ளிகள் பின்வாங்கும். உடைந்த கால்காப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை எந்த மாவட்டப் போட்டியிலும் பார்க்கலாம். இந்த நாட்டில் உலகின் சிறந்த கோல்கீப்பரை ஒரு கை தூரத்தில் வைத்து, தினமும், வருடக்கணக்கில் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் எங்கே கால் வைக்கிறார், எப்போது பொறுக்கிறார், எப்போது பாய்கிறார், தவறிய மறுநாள் காலையில் எப்படித் திரும்பி வருகிறார் என்றெல்லாம் பார்த்தது மட்டுமல்ல, அதே பந்துகளைத் தானும் எதிர்கொண்டவர். காயம் இல்லாமல், மனம் கசக்காமல், தயார்நிலை குலையாமல் காத்திருப்பது எப்படி என்ற பாடத்தை அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு அணியிலும் ஒருவருக்கு அந்தப் பாடம் தேவைப்படும்.

ஆந்திர அரசுக்கும் ஹாக்கி இந்தியாவுக்கும் இந்த வட்டாரத்துக்காரர்கள் கேட்க வேண்டியது இதுதான்: திருப்பதியில் கோல்கீப்பர்களுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்குங்கள். ஒரு செயற்கைத் தரை, இரண்டு வலை, இருபது பிள்ளைகளுக்கான காப்புகள் போதும். ராயலசீமையிலிருந்தும் பக்கத்திலிருக்கும் வேலூர், திருவள்ளூர் மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகளை எடுங்கள். பொறுப்பை ரஜனியிடம் கொடுங்கள்.